டப்பாவுக்குள் நூற்றுப் பத்து நாள்

டெஸ்லி ஸில்மனைப் பற்றி எழுது என்று என்னை யாரும் கேட்கவில்லை. ஆனாலும் எழுதுகிறேன். பிரிஸ்பேன் ஆற்றில் பயணிகள் படகு ஓட்டுகிறவன் நான். பத்தொன்பது வருஷமாக என் படகில் கயிறு கட்டுகிறவள் அவள். துறை வந்ததும் கயிற்றை முளையில் வீசி இழுத்துக் கட்டி, பலகையைப் போட்டு, "பார்த்து இறங்குங்க, வழுக்கும்" என்று சொல்வது அவள் வேலை. பத்தொன்பது வருஷம் ஒரே ஆளோடு ஒரே ஆற்றில் மேலும் கீழுமாகப் போய்வந்தால், கட்டின பெண்டாட்டியைவிட அவளைப் பற்றி அதிகம் தெரிந்துவிடும். என் பெண்டாட்டி இதைப் படித்தால் படிக்கட்டும்.

டெஸ்லிக்கு ஒரு கிறுக்கு உண்டு. காலி பீர் டப்பாவில் படம் பிடிப்பாள்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. டப்பாவின் மேல்பக்கத்தை வெட்டி, உள்ளே கறுப்புச் சாயம் பூசி, போட்டோ அச்சடிக்கிற தாளைச் சுருட்டி வைத்து, மூடி ஒட்டிவிடுவாள். பக்கத்தில் ஊசியால் ஒரு துளை. அவ்வளவுதான் காமிரா. லென்ஸ் கிடையாது, அமுக்குகிற பொத்தான் கிடையாது. அதைக் கொண்டுபோய் எங்காவது கட்டிவிட்டு வந்துவிடுவாள். மூன்று மாதமோ ஆறு மாதமோ கழித்துப் போய் எடுத்துவருவாள். அத்தனை நாளும் அந்தத் துளை வழியாக வெளிச்சம் உள்ளே போய்த் தாளில் படிந்துகொண்டே இருக்கும்.

இந்த ஊரை அவள் தெரிந்துகொண்டதே டப்பாக்களால்தான். செவ்வாயும் புதனும் அவளுக்கு விடுமுறை. ஒரு துணிப்பையில் ஆறு டப்பாவும் ஒரு உருண்டை சணலும் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவாள். ஸ்டோரி பாலத்துக்கு அடியில் ஒன்று. காங்கரூ பாயிண்ட் பாறை விளிம்புக் கம்பியில் ஒன்று. டூவாங் கல்லறைத் தோட்டத்து வேலியில், சைனா டவுன் பின்சந்தின் மழைக்குழாயில், ஹைகேட் ஹில்லில் யார் வீட்டுக் கதவையோ தட்டி அனுமதி கேட்டு அவர்கள் மாமரத்தில். எந்தத் தெரு எங்கே போய் முட்டுகிறது என்பது எனக்குத் தெரியும். எந்தத் தெருவில் எந்த மாதம் எத்தனை மணிக்கு வெயில் இறங்குகிறது என்பது அவளுக்குத் தெரியும்.

"அந்தச் சந்துல ஜூலை மாசம் பதினோரு நிமிஷந்தான் வெயில், ராய். அந்தப் பதினோரு நிமிஷத்துக்கு ஒரு பூனை வந்து படுக்குது" என்பாள்.

"ரொம்ப முக்கியம். கயித்தப் பாரு" என்பேன்.

முதல் தடவை அந்தப் படங்களை அவள் காட்டியதையும் சொல்லிவிடுகிறேன். வானம் முழுக்கக் கோடு. ஒவ்வொரு நாளும் சூரியன் போன வழி ஒரு கோடு. மேகம் மறைத்த இடத்தில் கோடு அறுந்திருக்கும். கீழே ஊர் அப்படியே நிற்கும், ஆனால் கழுவித் துடைத்த மாதிரி. கார் இல்லை, சைக்கிள் இல்லை, ஒரு மனிதன் இல்லை. ஆறு தண்ணீர்போல இருக்காது, பால்கோப்பையில் ஆடை படிந்ததுபோல அசையாமல் கிடக்கும். கனவில் நாம் பிறந்த ஊருக்கே போய், தெருவெல்லாம் தெரிந்து, ஆள் மட்டும் யாரும் இல்லாமல் சுற்றுவோமே, அந்த ஊர் அது. பார்த்துக்கொண்டிருந்தால் காது அடைத்துப்போகும்.

"இருபத்தஞ்சு லட்சம் பேர் இருக்கற ஊரு. ஒருத்தரையும் காணோமே, எல்லாரையும் எங்கம்மா அனுப்பிவெச்ச?" என்று கேட்டேன்.

"எவன் நின்னான்? நின்னா விழுவான். போறவன் வர்றவன் எவனும் தாள்ல ஒட்டமாட்டான்."

"என் படகு? ஒரு நாளைக்குப் பன்னெண்டு தடவ போறேனேம்மா அந்த ஆத்துல!"

"படகா? எந்தப் படகு?" என்று சிரித்தாள்.

எனக்குக் கோபம்தான். முப்பது டன் இரும்பு, ஒரு கீறல்கூட விழவில்லையாம்.

ஒருமுறை பாலத்தடியில் அவள் கட்டியிருந்த டப்பாவை யாரோ வெடிகுண்டு என்று சொல்லி, போலீஸ் நடைபாதையை மூன்று மணி நேரம் மூடிவிட்டார்கள். அதிலிருந்து ஒவ்வொரு டப்பாவிலும் காகிதம் ஒட்டி எழுத ஆரம்பித்தாள்: "இதில் சூரியனைப் படம் பிடிக்கிறேன். தொடாதீர்கள். டெஸ்லி." கீழே தொலைபேசி எண். அப்புறம் யாரும் தொடவில்லை. சிலர் கூப்பிட்டு, படம் எப்படி வந்தது என்றுகூட விசாரித்தார்கள்.

இனி மெர்வ். மெர்வ் அவள் புருஷன். கிரேன் ஓட்டியவன். நகரத்தில் நிமிர்ந்து பார்க்கிற கட்டடங்களில் பாதி அவன் தூக்கிவைத்தது. முப்பத்தோரு வருஷக் கல்யாணத்தில் அவன் மேலேயிருந்து ஊரைப் பார்த்தான், அவள் தண்ணீரிலிருந்து பார்த்தாள். முதுகு போனதும் வேலையை விட்டான். அதன்பின் பேச்சும் குறைந்துபோயிற்று. தினமும் காலை ஆறரைக்கு நியூ ஃபார்ம் பூங்காவுக்கு மடக்கு நாற்காலியோடு போய், ஆறு வளைகிற இடத்தில், பெரிய அத்திமரத்துக்கு முன்னால் உட்கார்ந்து தூண்டில் போடுவான். பதினொன்றரைக்கு எழுந்து வீட்டுக்குப் போவான். நாங்கள் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் டெஸ்லி கையை ஆட்டுவாள். அவனும் ஒரு கையைத் தூக்கி ஆட்டுவான். அவ்வளவுதான் அவர்கள் பேச்சு.

"தனியா உக்காந்திருக்கானே, ராய். நான் வேலைய விட்டுட்டு வீட்டுல இருக்கலாமோ?" என்று எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள்.

"நீ வீட்டுல இருந்தாலும் அவன் ஆத்துலதான் இருப்பான். பேசாம இரு" என்பேன். ஆனாலும் அது அவளை அரித்துக்கொண்டே இருந்தது.

மெர்வுக்கு போட்டோ என்றால் ஆகாது. கல்யாணப் படத்தில் கண்ணை மூடிவிட்டான். அதைப் பார்த்து அவன் அக்கா ஏதோ கிண்டல் செய்ய, "இனிமே என்னை எவனும் எடுக்கக் கூடாது" என்று சொன்னவன்தான். பிறந்தநாள், கிறிஸ்துமஸ் எல்லாவற்றிலும் மெர்வ் இருக்கிற இடத்தில் ஒரு முழங்கை இருக்கும், அல்லது மூடுகிற கதவு இருக்கும். "எம்மூஞ்சிய எடுத்தா உன் டப்பாவுக்குக் காய்ச்சல் வரும்" என்பான். இருபத்தைந்து லட்சம் பேர் உள்ள ஊரையே தாளில் கொண்டுவந்தவளிடம் சொந்தப் புருஷன் கண் திறந்திருக்கிற படம் ஒன்றுகூடக் கிடையாது.

போன வருஷம் ஜூன் இருபத்திரண்டு, எங்கள் குளிர்காலத்தின் மிகச் சின்னப் பகல், அன்று விடிகாலையில் டெஸ்லி ஒரு காரியம் செய்தாள். அந்த அத்திமரத்துக் கவட்டையில், நாற்காலி போடுகிற இடத்துக்குப் பின்னால், ஒரு டப்பாவைக் கட்டினாள். மெர்வ் கண்டுபிடித்துவிடக் கூடாது என்று காகிதம் ஒட்டவில்லை, பெயர் எழுதவில்லை. அவன் குடிக்கிற பீரின் அதே பச்சை டப்பா. பார்த்தால் யாரோ குடித்துவிட்டுச் செருகிப்போனது என்று தோன்றும். அன்று படகில் வந்து என்னிடம் மட்டும் சொன்னாள்.

"திருட்டு வேலைதான். ஆனா அவன் ஒருத்தன்தான் இந்த ஊர்ல அசையாம இருக்கறான், ராய். அஞ்சு மணி நேரம். முதுகாவது விழும். நிழலாவது விழும்."

"தெரிஞ்சா கத்துவான்."

"டிசம்பர்ல எடுத்துடுவேன். எடுத்தப்புறம் கத்தட்டும்."

அந்தக் குளிர்காலம் அழகாக இருந்தது. காலையில் ஆற்றின் மேல் வெள்ளையாகப் பனி நிற்கும். எஞ்சினைத் தணித்து மெல்லப் போவேன். வளைவு வந்ததும் பனிக்குள்ளிருந்து அத்திமரம் வரும், அப்புறம் ஒரு தொப்பி, அப்புறம் தூண்டில். டெஸ்லி கையை ஆட்டுவாள். அவன் இப்போதெல்லாம் தூண்டிலை ஒரு அங்குலம் தூக்குவதோடு சரி. அவள் ஒரு நொடி மரத்தைப் பார்ப்பாள், பிறகு என்னைப் பார்ப்பாள். சின்னப் பெண்போல ஒரு சிரிப்பு வரும். ஜூலை போயிற்று, ஆகஸ்ட் போயிற்று. பனி போய் வெயில் வந்தது. அவன் அதே இடத்தில் இருந்தான்.

அக்டோபர் ஒன்பதாம் தேதி மெர்வ் செத்துப்போனான். மத்தியானம், வீட்டில், பூட்ஸைக் கழற்றும்போது. மாரடைப்பு.

சாவுச் சடங்குக்கு அட்டையில் படம் போடவேண்டும் என்றார்கள். வீட்டில் தேடினாள். முழங்கை, கதவு, மூடின கண். கடைசியில் வண்டி ஓட்டும் உரிமத்திலிருந்த படத்தைப் பெரிதாக்கிப் போட்டார்கள். யாரையோ அடித்துவிட்டுப் பிடிபட்டவன்போல முறைத்துக்கொண்டிருந்தான். வந்திருந்தவர்கள் அட்டையைப் பார்த்துவிட்டு மடித்து வைத்துக்கொண்டார்கள். முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த டெஸ்லி அதைத் திறக்கவே இல்லை.

இரண்டு வாரத்தில் வேலைக்குத் திரும்பினாள். நகரம் முழுக்க ஜக்கரண்டா மரம் பூத்திருந்தது. நியூ ஃபார்ம் பூங்கா வரும்போது ஆற்றங்கரை ஊதாவாக எழுந்து வரும், புல்தரை ஊதாவாகக் கிடக்கும், தண்ணீரில்கூட ஊதா மிதக்கும். டெஸ்லி அந்தத் துறையில் கயிற்றைக் கட்டுவாள், அவிழ்ப்பாள். மரத்தின் பக்கம் திரும்பமாட்டாள்.

"டப்பாவ எடுத்தியா?" என்றேன் ஒருநாள்.

"இல்ல."

"டிசம்பர் வரைக்கும் வெக்கப்போறியா?"

அவள் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே மெதுவாகச் சொன்னாள். "உனக்குப் புரியல, ராய். அவன் மறைச்ச இடத்துல வெளிச்சம் படாம இருந்துச்சு. அதுதான் படம். இப்ப நாற்காலி இல்ல. வெயில் நேரா அங்க விழுது. ஒவ்வொரு நாளும் அவன் கொஞ்சங்கொஞ்சமா அழிஞ்சிட்டிருக்கான்."

"அப்ப போய் எடேன்! இங்க நின்னு கதை சொல்லிட்டிருக்க?"

"கால் போகமாட்டேங்குது."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. நவம்பர் இரண்டாம் தேதி, எங்களுக்கு இருபது நிமிட இடைவேளை, அந்தத் துறையிலேயே படகை நிறுத்தினேன். "நீ போறியா, நான் போகட்டுமா?" என்றேன். போனாள். ஊதாப் பூவை மிதித்துக்கொண்டு மரத்தடிக்குப் போனதைப் பார்த்தேன். நிமிர்ந்து பார்த்தாள். மரத்தை ஒரு சுற்றுச் சுற்றினாள். வெறுங்கையோடு திரும்பி வந்தாள்.

"காணோம். சணல் மட்டும் தொங்குது."

டப்பா காணோம் என்றால் எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும் எங்கே போயிற்று என்று. காலி டப்பா ஒன்றுக்குப் பத்து சென்ட் கொடுக்கிறார்கள். யாரும் அதைக் குப்பைத்தொட்டிக்குள் போடுவதில்லை. பொறுக்க வருகிறவர் கையை விட்டுத் துழாவ வேண்டாமே என்று தொட்டிக்குப் பக்கத்திலோ மரக்கிளையிலோ வைத்துவிட்டுப் போவோம். பெயர் எழுதாத பச்சை டப்பா, கவட்டையில் இருந்தால், அது பொறுக்குகிறவருக்கு வைத்தது. வேறென்ன அர்த்தம்?

"பேர் எழுதியிருக்கணும். அவனுக்குத் தெரியக் கூடாதுன்னு நெனச்சேன் பாரு. திருடி எடுத்ததுக்கு இது வேணும் எனக்கு" என்றாள்.

செவ்வாய்க்கிழமை நானும் இரண்டு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு அவளோடு டப்பா வாங்கும் கிடங்குக்குப் போனேன். உள்ளே இயந்திரம் டப்பாக்களை நசுக்கிக் கட்டுக்கட்டாகத் தள்ளிக்கொண்டிருந்தது. ஆள் உயரத்துக்கு மின்னுகிற கட்டுகள். பச்சை, நீலம், சிவப்பு, எல்லாம் தட்டையாக. டெஸ்லி ஒரு கட்டின் முன்னால் நின்றுவிட்டாள். நான் மேசைக்குப் பின்னாலிருந்த பெண்ணிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"கண்ணு, நேத்து மட்டும் நாப்பதாயிரம் வந்துது. அதுல எத நான் தேடறது?" என்றாள் அவள். பிறகு டெஸ்லியைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "எந்தப் பூங்கா?"

"நியூ ஃபார்ம்."

"அது நுன்சியோவோடது. வேற யாரும் அங்க பொறுக்கமாட்டாங்க. எல்லாருக்கும் அவங்கவங்க எடம் இருக்குல்ல. பழைய குழந்தை வண்டி தள்ளிட்டு வருவாரு, இத்தாலிக்காரக் கிழவர். அவரைக் கேளுங்க."

மறுநாள் காலை எட்டு மணிக்கு அவரைப் பிடித்தோம். எண்பதை நெருங்குகிற வயது, இஸ்திரி போட்ட சட்டை, குழந்தை வண்டியில் இரண்டு மூட்டை. எனக்கு அவரைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. படகோட்டும் அறையிலிருந்து எத்தனையோ நாள் பார்த்த முகம். யாரோ பூங்கா ஆள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

டெஸ்லிதான் பேசினாள். "ஐயா, இந்த மரத்துல ஒரு பச்சை டப்பா இருந்துச்சு. எடுத்தீங்களா?"

"தெரியாது."

"சணல் கட்டியிருந்துச்சு."

"தெரியாதுன்னேனே." வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தார்.

நான் குறுக்கே போய் நின்றேன். "பெரியவரே, பத்து சென்ட் டப்பா. நூறு டாலர் தர்றேன். எங்க போட்டீங்கன்னு சொல்லுங்க."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நூறு டாலரா? அப்ப அதுல ஏதோ இருக்கு. அதுக்குத்தான் தரமாட்டேன். அது மெர்வோடது. அவன் வந்து கேட்டாக் குடுப்பேன். வேற எவனுக்கும் கிடையாது."

ஆற்றில் வேறொரு படகு போயிற்று.

"அவனுக்கு முதுகு சரியில்ல. போன வருஷமும் இப்படித்தான் ஒரு மாசம் வரல. அவன் நாற்காலி இல்லன்னா கண்டவன் கைவெப்பான்னு ரெண்டு நாள் பார்த்தேன், மூணாம் நாள் நானே எடுத்து வெச்சேன். நல்லானதும் வருவான்" என்றார் அவர்.

"வரமாட்டான். மெர்வ் செத்துட்டான். போன மாசம் ஒம்போதாம் தேதி. நான் அவன் பொண்டாட்டி" என்றாள் டெஸ்லி.

கிழவர் அவளையே பார்த்தார். அவள் முகத்தை அல்ல, சட்டையிலிருந்த படகுச் சின்னத்தை.

"படகுக்கார சின்யோராவா?" என்றார். சின்யோரா என்றால் அவர் மொழியில் அம்மணி.

"ஆமா."

தொப்பியைக் கழற்றினார். எங்கே வைப்பது என்று தெரியாமல் மறுபடி போட்டுக்கொண்டார், மறுபடி கழற்றினார். இத்தாலிய மொழியில் ஏதோ சொன்னார். நான் கொடுப்பதாகச் சொன்ன நூறு டாலரை நினைத்து எனக்கு அவமானமாக இருந்தது. அவர் வண்டியை எங்களிடமே விட்டுவிட்டு, இரண்டு தெரு தள்ளியிருந்த வீட்டுக்குப் போய், பாத்திரம் துடைக்கிற துண்டில் சுற்றிய டப்பாவோடு வந்தார். துளையின் மேல் ஒரு மருந்துப் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. அதை டெஸ்லியின் கையில் வைத்துவிட்டு, வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். தோள் குலுங்கியது.

அந்தத் தாளைக் கழுவக் கூடாது. அப்படியே எடுத்து ஒரே ஒருமுறை ஸ்கேனரில் வைக்கலாம்; அந்த வெளிச்சமே அதைக் கொஞ்சம் தின்றுவிடும். டெஸ்லி அன்று பகலில் ஜன்னலுக்கெல்லாம் போர்வை கட்டி அந்தக் காரியத்தைச் செய்தாள். மறுநாள் படகுக்கு வந்தபோது ஒரு உறை கொண்டுவந்தாள். படகோட்டும் அறைக்குள் வந்து கதவைச் சாத்திவிட்டு நீட்டினாள்.

வானம் முழுக்கச் சூரியன் ஏறிய கோடுகள், இடது பக்கம் ஜூனில் ஆரம்பித்து வலது பக்கம் அக்டோபர் வரை, இளஞ்சிவப்பும் பழுப்புமாக. கீழே ஆறு பால்போல. என் படகு இல்லை, நான் கேட்கவும் இல்லை. நடுவில் மெர்வ் உட்கார்ந்திருந்தான்.

நிழல்கூட இல்லை அது. ஆள். தொப்பி விளிம்பு தெரிந்தது. ஒரு பக்கம் கொஞ்சம் சாய்ந்த தோள், முதுகுவலிக்காரன் தோள், தெரிந்தது. நாற்காலியின் கம்பி தெரிந்தது. பக்கத்தில் தாழ்வாக, மங்கலாக, இன்னொரு உருவம், உற்றுப் பார்த்தால் மட்டும்.

"அது அந்தக் கிழவர்" என்றேன்.

"ம். தனியா இருந்தான்னு நெனச்சிட்டிருந்தேன்." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "நீ பார்த்ததில்லையா, ராய்? மேல இருந்து உனக்குத் தெரியுமே."

"பார்த்தேன். சொல்லத் தோணல. மன்னிச்சிடு."

"நானும் பார்த்திருப்பேன். மெர்வ மட்டுந்தான் பார்த்தேன்போல." பிறகு படத்தைத் தட்டினாள். "ஆனா இது சரியில்ல, ராய். பத்து வருஷமா இந்த வேலை பண்றேன். மனுஷன் இப்படி விழமாட்டான். தெனம் நாற்காலிய ஒரு சாண் அந்தப் பக்கம் போடுவான், ஒரு சாண் இந்தப் பக்கம் போடுவான், வெயில் அடிச்சா நிழலுக்கு நகருவான். எல்லாம் கலங்கி ஒரு புகை மாதிரிதான் வரணும். தொப்பி எப்படித் தெரியும்?"

எனக்கு என்ன தெரியும்? படகு ஓட்டுகிறவன்.

அடுத்த புதன்கிழமை அவருக்கும் ஒரு படம் கொடுக்கவேண்டும் என்று போனோம். நுன்சியோ மரத்தடியில், கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்திருந்தார். படத்தை வாங்கி, கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, ரொம்ப நேரம் பார்த்தார்.

"நான் இதுல இருக்கேன். என்கிட்ட அவன் சொல்லவே இல்லையே, பக்கத்துல உக்காந்தா நீயும் விழுவன்னு. சொல்லியிருந்தா நல்ல தொப்பி போட்டுட்டு வந்திருப்பேன்" என்றார்.

டெஸ்லி அப்படியே நின்றாள். "என்ன சொன்னீங்க? அவன் எதைச் சொல்லல?"

"டப்பாவத்தான். மொத நாளே நான் கைய நீட்டினேன், பத்து சென்ட்டாச்சேன்னு. பிடிச்சு இழுத்துட்டான். 'அதத் தொடாத, அது என் பொண்டாட்டியோட காமிரா. டிசம்பர் வரைக்கும் நான் அதுக்குள்ள இருக்கணும்'னான். 'நான் குடிக்கிற டப்பா எனக்குத் தெரியாதா'ன்னு சிரிச்சான்."

"தெரியுமா அவனுக்கு?"

"தெரியாமயா? போஸ் குடுத்தானே, சின்யோரா! மீன் இந்தப் பக்கம் கடிக்கல, அந்தப் பக்கம் வாடான்னா வரமாட்டான். செப்டம்பர்ல மூஞ்சி வெந்துபோச்சு, நகருன்னா நகரமாட்டான். இங்க பாரு."

அவர் குனிந்து, ஊதாப் பூக்களைக் கையால் ஒதுக்கினார். புல்லுக்குள் ஒரு பீர் பாட்டில் மூடி, மண்ணோடு மண்ணாக அழுத்திப் பதித்திருந்தது. ஒரு முழம் தள்ளி இன்னொன்று. அப்புறம் இன்னும் இரண்டு. நாற்காலியின் நான்கு காலுக்கும் நான்கு மூடி.

"தெனம் வந்ததும் அதப் பார்த்துத்தான் நாற்காலி போடுவான். ஒரு விரக்கடை நகர்ந்தாலும் எழுந்து சரி பண்ணுவான். அப்புறம் படகு வரும். நீ கை ஆட்டுவ. அவன் தூண்டில மட்டும் தூக்குவான், கைய ஆட்டமாட்டான். ஏண்டான்னு கேட்டேன். 'ஆட்டினா கலங்கிடும்'னான்."

டெஸ்லி அந்த நான்கு மூடிகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்துவிட்டாள். எனக்கு அழுகை வந்தது, சொல்வதற்கு வெட்கமில்லை. அவள் முதலில் அழவில்லை. விரலால் ஒரு மூடியின் மேலிருந்த மண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"நான் திருடினேன்னு நெனச்சிட்டிருந்தேன், ராய். இந்த ஒரு மாசமும்," என்றாள். "நூத்திப் பத்து நாள் உக்காந்திருக்கான். வீட்டுக்கு வந்து சோறு தின்னுட்டு, இன்னைக்கு மீன் இல்லன்னான். ஒரு வார்த்தை சொன்னானா பாரு, அழுத்தக்காரன்."

பிறகுதான் அழுதாள்.